ஜெய்னம்பு லாத்தாவின் பாசித்தொட்டி

குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. லாத்தாவின் கணவர் மைதீன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக நடந்து வந்தார். கையில் லாத்தாவின் பிளாஸ்டிக் கூடை. "மௌத்தாயிட்டா" என்று லாத்தாவின் சாவை ஒரே சொல்லில் சொன்னார். யாருடைய குடமோ நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. தாராவியில் எங்கள் சந்தில் தண்ணீர் அப்படி வீணாகி நான் பார்த்ததில்லை.

இந்தக் கையெழுத்துப் பத்திரிகையை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் லாத்தா, அதாவது அக்கா. ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். தோல் பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுத்தார். வீட்டு வாசலில், குறுக்கே அறுத்த நீலப் பீப்பாயில் கஞ்சிப்பாசி என்னும் கடல்பாசியை வளர்த்தார். தம்பி ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்த பாசித் துண்டுகளைக் கயிற்றுப் புரிகளில் செருகித் தொங்கவிட்டிருந்தார். மைதீன் அண்ணன் டெம்போவில் வெர்சோவா கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் கேனில் கடல்தண்ணீர் வரும். பக்கத்தில் இருக்கும் மாஹிம் கடல் தண்ணீரை லாத்தா சேர்க்க மாட்டார். "அது கடலா? நம்ம சாக்கடைக்கு மாமியா வீடு!"

நோன்பு திறக்கும் நேரத்தில் சந்து முழுவதற்கும் அந்தப் பாசியைக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். "பம்பாய்க்கு வந்த நாள்லேர்ந்து எல்லாத்தையும் வாங்கித்தான் திங்கிறேன் புள்ளே. இது ஒண்ணு நான் வளத்ததுன்னு சொல்லிக் குடுக்கணும்ல?" என்றார். என் அறிவியல் புத்தகத்தில் பாசி பற்றிய பாடத்தை வாசித்துக் காட்டியபோது, "திங்கிறதப் பத்தி ஒரு வரி இல்லையே" என்று குறைப்பட்டார்.

தொட்டியில் அலை இல்லாததால், அந்த வழியே போகிறவர்கள் கையால் தண்ணீரை அளைந்துவிட்டுப் போக வேண்டும். "சும்மாவா போறே? ஒரு அலை அடிச்சிட்டுப் போ!" கருஞ்சிவப்பு சேமியா போல அது விரல்களில் வழுக்கும்.

நோன்புக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்து லாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெயிலில் தொட்டித் தண்ணீர் இறங்கி, விளிம்பில் உப்புப் பூத்தது. நான் பரீட்சைக்குப் போயிருந்த நாளில் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். எதிர்வீட்டுப் பேச்சியம்மா அத்தை பெண்களையெல்லாம் கூட்டியிருக்கிறார். "அவதான் படுத்துக் கெடக்கா, அவ பாசியும் வாடணுமா? ஆளுக்கொரு கொடம் ஊத்துங்கட்டி!" பழைய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "ச்சீ, ஒரே உப்பு! பாசிக்கு எரியும்லா" என்று இறைத்துக் கொட்டியிருக்கிறார். சண்டை போட்டுப் பிடிக்கும் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து எல்லோரும் தொட்டியை நிரப்பினார்கள். அம்மாவும் ஊற்றினாள்.

இரண்டொரு நாளில் பாசி வெளுத்துக் கரைந்தது. கடலில் வளர்வது உப்பில்லாத தண்ணீரில் செத்துவிடும் என்று நான் சொன்னதை அத்தையால் நம்ப முடியவில்லை. "ஏட்டி, நாங்க நல்ல தண்ணியில்லா ஊத்துனோம்!" என்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

லாத்தாவிடம் சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் முதலில் கேட்டதே பாசியைத்தான். அத்தை அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். லாத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது எவ்வளவு பெரிய ஆசை என்று அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்தபடியே, "யாரு யாரு ஊத்துனா?" என்றார். அத்தை விசும்பிக்கொண்டே பெயர்களைச் சொன்னார். ஒரு பெயரில் லாத்தா சட்டென்று திரும்பினார்.

"சுப்பம்மாளுமா? போன மாசம் அரைக் கொடத்துக்கு என் முடியைப் பிடிச்சு இழுத்தவளா?"

"அவ ரெண்டு கொடம் ஊத்துனா" என்றார் அத்தை.

லாத்தா காய்ச்ச நினைத்த பாசியின் ருசி எங்களில் யாருக்கும் தெரியாமலே போயிற்று. என்னிடம் இருப்பது அவருடைய அன்றைய முகம் மட்டும்தான். மஞ்சளித்த கண்களில் நீர் நிற்க, "ரெண்டு கொடமா? சுப்பம்மாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.