ஆமையும் அசையாத மேஸ்திரியும்

மசமச என்றால் என்னவென்று டைல்ஸ் மேஸ்திரியைக் கேட்டால், கூட வேலை செய்யும் மச்சானைக் கை காட்டுவார். மனைவியின் தம்பிதான் அவன். மேஸ்திரி வைத்த பெயர் ஆமை.

"சும்மா உக்காந்திருக்கிறவன் சோம்பேறி. அவன்கூடத் தேவலை. கையில சாந்துக் கரண்டிய வச்சுக்கிட்டு, வேலை செய்யுற மாதிரியே நின்னு பொழுதைக் கரைக்கிறான் பாரு, அதுதான் மசமச."

இந்தச் சொல்லை அவர் மனிதர்களோடு நிறுத்தவில்லை. ஆறித் தொலையாத டீ மசமச. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கும் லிஃப்ட் மசமச. பெய்வதென்றால் கொட்டித் தீர்க்காமல் நாள் பூராவும் தூறுகிற மழைகூட மசமசதான்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் கண்ணுக்குள் விழித்திரை பிய்ந்துகொண்டது. ஆபரேஷன் செய்து உள்ளே காற்றை அடைத்த டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு வாரம் குப்புறவே இருக்கணும். அந்தக் காத்துதான் திரையை அழுத்திப் பிடிக்கும். முகத்தைத் தூக்கினாலோ தலையைக் குலுக்கினாலோ அந்தக் கண்ணு போச்சு." ஒற்றைக் கண்ணோடு தரைக்கு மட்டம் பார்க்க முடியாது. அப்புறம் கரண்டியைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான்.

கட்டில் விளிம்பில் நெற்றிக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்தார். உடம்பு கிடந்தது, கால் கிடக்கவில்லை. பெருவிரல் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, அந்தக் காலையாவது சும்மா வையுங்களேன்" என்றாள் மனைவி.

"கால்லயா ஆபரேஷன் பண்ணாங்க?"

கண்ணுக்கு நேர் கீழே அவரே போட்ட தரை. சொந்த வீடுதானே என்று, குடிவரும் அவசரத்தில் ஒரே மூச்சாக ஒட்டி முடித்தது. அடுத்தவர் வீட்டுக்கு என்றால் டைல்ஸை ஊற வைத்துத்தான் ஒட்டுவார். இங்கே தண்ணீரைக் காட்டக்கூட இல்லை. பொழுது போகாமல் கையைத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். 'பொத்' என்றது. அடியில் கலவை பிடிக்கவில்லை, வெறும் பொள்ளல். பக்கத்து டைல்ஸைத் தட்டினார், கெட்டியாக இருந்தது. திரும்ப இதைத் தட்டினார். பொத். அதன் பிறகு அவருக்குச் சோறும் இறங்கவில்லை.

மறுநாள் மனைவி கடைக்குப் போன சமயம், முகம் நிமிராமல் கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கினார். முட்டி போட்டுத் தவழ்ந்து போய்ப் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்தார். முதல் அடி விழுந்ததும் மண்டைக்குள் அதிர்ந்தது. கட்டுக்குள் கண் சுருக்கென்றது. பயந்துதான் போனார். ஆனாலும் கை மறுபடி ஓங்கியது.

ஓங்கிய சுத்தியலைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்துக்கொண்டது. சொட்டு மருந்து வாங்கி வந்த ஆமை.

"குனிஞ்சுதானடா இருக்கேன்!"

"குனிஞ்சு குலுங்குற மாமா. கண்ணு வேணுமா, டைல்ஸ் வேணுமா? ஏறிப் படு. நான் பாக்குறேன்."

அவரைக் கட்டிலில் ஏற்றிவிட்டு ஆமை உட்கார்ந்தான். ஓரத்தைச் சுரண்டினான். ஊதினான். டைல்ஸைப் பெயர்த்தான். பழைய சிமெண்டைச் சுரண்டி முறத்தில் அள்ளினான். மிச்சம் கிடந்த புது டைல்ஸைத் தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். மேஸ்திரிக்கு ரத்தம் கொதித்தது. திரும்பி வந்து கலவையைக் குழைக்கத் தொடங்கினான். குழைத்தான், குழைத்தான், குழைத்துக்கொண்டே இருந்தான்.

"டேய், மசமசன்னு..." என்று தலையைத் தூக்கப் போனார். ஆமையின் உள்ளங்கை பிடரியில் வந்து உட்கார்ந்தது.

"தரையைப் பாத்துத் திட்டு மாமா. எனக்குக் கேக்கும்."

திட்டினார். அவன் பரம்பரையைத் திட்டப் போய், அது மனைவியின் பரம்பரையும்தான் என்று பாதியில் நிறுத்தினார். ஒருவழியாக டைல்ஸ் உட்கார்ந்தது. மட்டம் பார்க்க மேலே வைத்த ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றது, அவருக்கே நன்றாகத் தெரிந்தது. ஆமை பார்த்துவிட்டு, கரண்டியை நுழைத்து அதைத் திரும்ப எடுத்தான்.

"மட்டமாத்தானடா இருந்துச்சு! எதுக்கு எடுக்கிற?"

"சாயங்காலம் வரைக்கும் உனக்குத் திட்ட ஆள் வேணாமா?"

கீழே ஆமை ஆற அமரக் கலவையைப் பரப்பிக்கொண்டிருந்தான். கட்டில் சட்டத்தில் மேஸ்திரியின் பெருவிரல் தாளம் போட்டபடியே இருந்தது. அவர் கையை எட்ட நீட்டி, தள்ளியிருந்த இன்னொரு டைல்ஸைத் தட்டினார்.

"இதுவும் பொள்ளல்தான்டா. நாளைக்கு வா. அவசரப்பட்டு இன்னைக்கே முடிச்சுத் தொலைக்காத."