பன்னிரண்டாவது பிளக்

நான் பார்க்கும் வேலையை வீட்டில் யாருக்கும் இன்றுவரை சரியாகப் புரியவைத்ததில்லை. பம்ப் ரிப்பேர் என்றால் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் என்று என் மாமனார் முடிவு செய்துவிட்டார். அங்கே மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் சிங்கப்பூரில் இருக்கும் எனக்குத்தான் முதல் போன் வரும். திருத்திச் சொல்லி அலுத்துப்போய், ஃபூட் வால்வைப் பாருங்கள் மாமா என்று வைத்துவிடுவேன்.

கிராஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு வருபவை ஹைட்ராலிக் பம்புகள். கப்பல் கிரேனிலிருந்தும் பைலிங் மெஷினிலிருந்தும் கழற்றிக் கொண்டுவருவார்கள். பார்த்தால் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு இரும்புக் கட்டி, அவ்வளவுதான். அதற்குள் எண்ணெய் முந்நூறு பார் அழுத்தத்தில் ஓடும். கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கு மேல். எண்ணெய் ஓடுவதற்காக அந்த இரும்பில் வெளியிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டிருப்பார்கள். போட்ட துளையின் வாயை மூட வேண்டுமே, அதற்குத்தான் பிளக். சுண்டுவிரல் நுனி அளவில், தலையில்லாத திருகு. குழிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். இறுகியிருக்கிறதா, சும்மா நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கழற்றும்போது அதற்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. சூடு காட்டி, மரையில் தடவிய பசையை இளக்கி, அரைச் சுற்று மட்டும் திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்தால் எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுக்கும். கசிவு நின்ற பிறகுதான் மீதிச் சுற்று. மறுபடி போடும்போது மரைக்குப் பசை தடவி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் அளவு வைத்து, 'டிக்' என்று அது விட்டுக்கொடுக்கும்வரை இறுக்க வேண்டும். இறுக்கியவன் பிளக்கின் மேலும் பக்கத்து இரும்பின் மேலுமாகச் சேர்த்து வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுவான். பிறகு இன்னொருவன் வந்து தன் ரெஞ்சை வைத்து மறுபடி பார்த்துவிட்டு மஞ்சள் கோடு போட வேண்டும். இரண்டு கோடும் இருந்தால்தான் பம்ப் டெஸ்டுக்குப் போகும்.

வெள்ளைக் கோடு என்னுடையது. மஞ்சள் கோடு என் கூட்டாளியுடையது. அவன் கடலோர ஊர்க்காரன், முஸ்லிம், என் வயதுதான். ஆறு வருடமாக ஒரே டார்மிட்டரியில் இருந்தோம், ஒரே லாரியில் போய் வந்தோம். நான் எடுத்ததற்கெல்லாம் வள்ளென்று விழுகிறவன். "முதல்ல உன் வாய்க்கு ஒரு பிளக் போடணும் மச்சான்" என்று அவன் எல்லோர் முன்னாலும் சொல்வான். வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு ரகளை நடந்திருக்கும். அவன் சொன்னால் எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் தொழுகைக்குப் போவான். போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை வேலை நிற்க வேண்டாம் என்று மஞ்சள் பேனாவையும் தன் ரெஞ்சையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். ஆரம்பத்தில் நான் அவன் ரெஞ்சை வைத்து இரண்டாம் முறை பார்த்துவிட்டுத்தான் மஞ்சள் கோடு போட்டேன். போகப் போக ரெஞ்சை விட்டுவிட்டுப் பேனாவை மட்டும் எடுத்தேன். நான் இறுக்கியதை நானே எதற்கு மறுபடி பார்க்க வேண்டும்? அவனும் கேட்டதில்லை. யாரையும் ஏமாற்றுகிறோம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் நம்பிக்கை.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் கிரேனின் பம்ப் மேடையில் இருந்தது. அதில் பன்னிரண்டு பிளக். பன்னிரண்டையும் கையால் சில சுற்று ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்சால் இறுக்கிக்கொண்டு வந்தேன். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதில் ரெஞ்சின் முனையில் மாட்டும் பிட் வழுக்கியது. எடுத்துப் பார்த்தால் அதன் மூலைகள் தேய்ந்து உருண்டையாகியிருந்தன. புதிது வாங்க ஸ்டோருக்குப் போனேன்.

ஸ்டோர்காரர் பழைய பிட்டைக் கொடுத்தால்தான் புதிது என்றார். அது மேடையிலேயே கிடந்தது. "எடுத்துட்டு வாங்க, தர்றேன்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. அந்தத் தலை நிமிராதது போதும் எனக்கு. என்ன பேசினேன் என்று முழுதும் நினைவில்லை. இந்த ஸ்டோர் உங்க வீட்டுச் சொத்தா என்று கேட்டது நினைவிருக்கிறது. கடைசியில் அவர் ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் போட்டார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம், அவரிடம் இன்னும் நறுக்கென்று என்ன கேட்டிருக்கலாம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேடைக்கு வந்ததும் கை வெள்ளைப் பேனாவை எடுத்தது. பன்னிரண்டு வெள்ளைக் கோடு போட்டது. பிறகு மஞ்சள் பேனாவை எடுத்து அதையும் பன்னிரண்டு இடத்தில் போட்டது. மனம் முழுக்க ஸ்டோரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு அவன் வந்தான். குனிந்து எல்லாக் கோடுகளையும் பார்த்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஏத்து."

டெஸ்ட் மேடையில் ஏற்றிப் படிப்படியாக அழுத்தம் கூட்டினான். நூறு, இருநூறு என்று ஏறி இருநூற்றைம்பதில் பம்பின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, பாதுகாப்புக் கண்ணாடித் தட்டியின் ஓரமாக அவன் தலையைச் சாய்த்தான். அப்போதுதான் பிளக் தெறித்தது. பட்டாசு மாதிரி ஒரே ஒரு சத்தம். பிறகு எண்ணெய் கூரைவரை பீய்ச்சி அடித்தது. நான் ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்பினேன். அவன் தரையில் உட்கார்ந்து இடது கன்னத்தைக் கையால் பொத்தியிருந்தான். விரல்களுக்கு இடையில் எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன. "பம்ப நிறுத்திட்டியா?" என்று கேட்டான்.

கன்ன எலும்பு உடைந்திருந்தது. அன்று இரவே ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார்.

அன்று சாயங்காலமே வொர்க்‌ஷாப்புக்குப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். உள்ளூர்த் தமிழ்ப் பெண், நிதானமாகப் பேசுகிறவர். தெறித்த பிளக்கை ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். "ரெண்டு லைனும் இருக்கு அண்ணே. இந்த யெல்லோ லைன் யாரோட மார்க்?" என்று கேட்டார். "அவனோட மார்க்" என்றேன். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மரை தேய்ந்திருக்கும், பசை காய்ந்திருக்காது என்று ஏதேதோ காரணம் மனதில் ஓடியது. நான் இறுக்கவில்லை என்பது சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது.

அன்று இரவு டார்மிட்டரிக்கு வந்து சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஏதோ தட்டுப்பட்டது. புது பிட், பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது. துவைக்கும் இடத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்தவர் மயக்கமா தம்பி என்று கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். வாய் நீளம் என்று பேர் வாங்கியவன் நான். சனிக்கிழமை முழுவதும் அந்த வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன், கட்டுப் போட்ட தலையில் டி-ஷர்ட் நுழையாதே. ஃபேரர் பார்க் திடல் பக்கம் எங்கள் டார்மிட்டரி ஆட்கள் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "செக் பண்ணாமலே கோட்டப் போட்டுட்டானாமே அவன்? தொழுகைக்குப் போற அவசரம் போலருக்கு. இனி பெர்மிட் கேன்சல்தான்லா, ஊருக்கு அனுப்பிருவாங்க" என்றார் ஒருவர். என் கையில் டீ இருந்தது. சூடாக இருக்கிறது என்பது போல அதை ஊதிக்கொண்டே நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். பிளக்கை இறுக்காமல் விட்டதுகூட அதற்கு அடுத்துத்தான்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. சட்டையைக் கட்டிலில் வைத்தேன். அவனே பேச ஆரம்பித்தான்.

"அந்த சேஃப்டி மேடம் வந்தாங்க. மஞ்சக் கோட்ட நான்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு எழுதிக் கொண்டு வர்றாங்க, கையெழுத்துப் போட்டுருவேன்."

"எதுக்குடா அப்படிச் சொன்ன?"

"பின்ன? என் மார்க்க நீ போட்டேன்னு தெரிஞ்சா உன்னயும் அனுப்பிருவாங்க. ரெண்டு பேர் சோறும் போகணுமா? நீ இறுக்குன பிளக்கு மச்சான். நான் ரெஞ்ச் வச்சுப் பாத்திருந்தாலும் 'டிக்'னுதான் சொல்லிருக்கும். மரைதான் நம்மள ஏமாத்திருச்சு."

நான் இறுக்கினேன் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை. அந்த நிச்சயத்தின் மேல்தான் தன் வேலையைத் தூக்கி எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், தலையை ஆட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

லிஃப்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திறந்து மூடியது, திறந்து மூடியது. நாளைக்கு அவன் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாத் தப்பும் அவன் தலையில் விழும். கண்ணும் போய், பேரும் போய் ஊருக்குப் போவான், நான் நல்லவன் என்று சொல்லிக்கொண்டே போவான். நேரே வொர்க்‌ஷாப்புக்குப் போய், மேனேஜர் அறையில் அந்த அதிகாரியையும் வைத்துக்கொண்டு பாக்கெட்டை மேசையில் வைத்தேன். இறுக்கவில்லை, இரண்டு கோடும் நான் போட்டது என்றேன். மேனேஜர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மூன்று நாளாக எங்கே போயிருந்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாலையில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு யாரும் சொல்லி அவனுக்குத் தெரியக் கூடாது. கட்டில் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வலது கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி."

"காலைல இங்க வந்தப்பவும் தெரியும்?"

"தெரியும்."

அவன் நர்ஸைக் கூப்பிட்டு, கட்டிலைச் சுற்றி இருக்கும் திரையை இழுத்துவிடச் சொன்னான். நான் திரைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

என்னை அவர்கள் அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ரெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு, பழைய பம்புகளைக் கழற்றிக் கழுவும் பக்கம் போட்டார்கள். விசாரணை ரிப்போர்ட்டில் அவன் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததை அடித்தார்கள். மூன்று மாதம் கழித்து அவன் வேலைக்கு வந்தான். இடது கண் முழுதாகப் போகவில்லை, ஆனால் எண்ணெய் படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரியும் என்று மற்றவர்களிடம் சொன்னான். டெஸ்ட் மேடை இனி வேண்டாம் என்று அவனைச் செக் பண்ணும் வேலைக்கு மட்டும் வைத்தார்கள். லாரியில் நான் இந்த ஓரம், அவன் அந்த ஓரம்.

இன்னும் சில மாதங்கள் போயின. ஆள் பற்றவில்லை என்று என் கையில் மறுபடி ரெஞ்சைக் கொடுத்தார்கள். முதல் பம்பில் ஒவ்வொரு பிளக்கையும் இறுக்கி, 'டிக்' சத்தத்தைக் காதால் கேட்டு, வாய்விட்டு எண்ணி, வெள்ளைக் கோடு போட்டேன். அவன் ரெஞ்சோடு வந்தான். செக் பண்ணவில்லை. முதல் பிளக்கை அரைச் சுற்று திருப்பிக் காத்திருந்து, முழுதாகக் கழற்றி, மரையைத் துடைத்து வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். புதிதாகப் பசை தடவி, தானே இறுக்கினான். பிறகு அடுத்தது. நான் இறுக்கிய எல்லாவற்றையும் அவன் கழற்றி இறுக்கி முடிக்க மதியமாகிவிட்டது. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

தண்டனை என்று நினைத்தேன். கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு பம்புக்கும் இதே கதை. ஒருநாள் என் பழைய புத்தி தலைகாட்டிவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற எரிச்சல். "இன்னும் எத்தன நாளைக்குடா என்னைய இப்படி அடிப்ப? ஒண்ண மட்டுமாவது கழட்டாம ரெஞ்ச் வச்சுப் பாரேன்" என்றேன்.

அவன் கழற்றுவதை நிறுத்தினான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"அடிக்கல மச்சான்," என்றான். "பயமா இருக்கு."

பிளக்கின் குழியில் பிட்டை நுழைக்க, அது எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித் தேடினான். நான் மேடை விளக்கை எடுத்து அவன் வலது கண் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அவன் அடுத்த பிளக்கைக் கழற்றினான்.