ஏழாவது ஸ்டாப்

டிரைவர் மாமாவைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். நல்லதாக நாலு பக்கம் எழுதித் தருவார்கள். எழுதக் கூடாத ஆள் நான்தான். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு எழுதினால் அவருக்கு மாலை போட்டது போல இருக்குமே தவிர, நடந்ததைச் சொன்னதாக ஆகாது.

மாமா என் அத்தையின் கணவர். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளும் விடியற்காலையில் குளித்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்டாராம். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததில் அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "இங்கயே உக்காந்து என் உயிர வாங்காதீங்க. எங்கயாவது போயிட்டு வாங்க" என்று விரட்டிவிட்டாள். மாமா வீட்டுக்குப் பின்னால் இருந்த கிழக்கு ஓடைக்குப் போனார். அதன் பிறகு அவரைப் பகலில் வீட்டில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

அந்த ஓடையில் மழை பெய்தால் மூன்று நாள் சேறும் தண்ணீருமாக ஓடும், பிறகு காய்ந்துவிடும். குப்பை மட்டும் வருடம் முழுக்கக் கிடக்கும். மாமா தனி ஆளாகக் குப்பையை அள்ளினார். புதர்களைப் பிடுங்கினார். தண்ணீர் மெதுவாகப் போகட்டும் என்று குறுக்கே கல் அடுக்கினார், கரையில் கன்று நட்டார். நாலு வருடத்தில் ஒன்பது கல்லடுக்குகள்; அவற்றின் பின்னால் வருடம் முழுக்கத் தண்ணீர் தேங்கி, மீனும் வந்துவிட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பாறையைப் பார்த்து வெள்ளைப் பெயின்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வைத்தார். எதற்கு என்று கேட்டால், "ஸ்டாப்பும்மா. தண்ணி எல்லா ஸ்டாப்லயும் நின்னுதான் போகணும். எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடுனா யாருக்கு லாபம்?" என்பார்.

அவரைப் பார்த்துக் காப்பியடித்துத்தான் நாங்கள் மேற்கு ஓடையில் ஒரு குழு ஆரம்பித்தோம். என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பெரிய தகுதி ஒன்றும் இல்லை. நான் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஓடைகளை மீட்க அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மானியம் தருகிறது. மூன்று ஓடைகளுக்குத்தான். நூறு மதிப்பெண்ணில் பதினைந்து, காட்டுயிர் திரும்பி வந்ததற்கான சான்றுக்கு. படம் இருந்தால் பதினைந்து, இல்லாவிட்டால் பூஜ்யம். எங்கள் விண்ணப்பம் இரண்டு முறை தள்ளுபடியாகிவிட்டது. இரண்டு முறையும் குழுக் கூட்டத்தில், "செயலாளரம்மா, என்னதான் எழுதி அனுப்புறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

படத்துக்காக இரண்டு ஓடைக்காரர்களும் சேர்ந்து ஒரு காமிரா வாங்கியிருந்தோம். மரத்தில் கட்டிவிட்டால் எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும். மூன்று மாதம் அவருக்கு, மூன்று மாதம் எங்களுக்கு. முறை மாறும் மாதம் முதல் தேதி காலை ஏழு மணிக்குக் கைமாற்ற வேண்டும். மாமா ஒரு நிமிடம் முன்னே பின்னே வந்ததில்லை. அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அவர் முறை முடிந்ததும் படங்கள் பதிவாகும் கார்டு உள்ளேயே இருக்கக் காமிராவைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் படங்களை ஒவ்வொன்றாகத் திறப்பேன். இலை, மாடு, இலை. நடுவில் குனிந்து கன்று நடும் அவருடைய பின்பக்கம். "இந்த மிருகம் அடிக்கடி வருது போலிருக்கே" என்று அவரே சிரிப்பார்.

மூன்றாவது விண்ணப்பத்தின்போது மட்டும் அவரால் உட்கார முடியவில்லை. அத்தைக்கு அன்று கண் ஆபரேஷன். "நீயே பாத்துட்டு சொல்லும்மா" என்று காமிராவை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். இரண்டு ஓடைக்காரர்களும் விண்ணப்பம் அனுப்ப இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

நானூற்றுச் சொச்சம் படங்கள். வழக்கம்போல இலையும் மாடும். கடைசிக்குப் பக்கத்தில் ஒரு படத்தில் நீர்நாய் இருந்தது. உடம்பு முழுக்க ஈரம், வாயில் மீன், பின்னாலேயே இரண்டு குட்டிகள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். முதல் நிமிடம் மாமாவுக்காகத்தான் சந்தோஷப்பட்டேன். இதை நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் அது உண்மை. இரண்டாவது நிமிடத்தில் அந்தப் பதினைந்து மதிப்பெண் ஞாபகம் வந்தது. படத்தின் இடது மூலையில் ஒரு பாறை. அதில் வெள்ளைப் பெயின்டில் ஏழு என்று எழுதியிருந்தது.

படத்தின் ஓரத்தை வெட்டுவது எனக்குத் தினசரி வேலை. கல்யாணப் பத்திரிகைக்கும் கடை நோட்டீசுக்கும் எத்தனையோ வெட்டியிருக்கிறேன். இரண்டு நொடிதான் ஆனது. ஏழு போய்விட்டது, கீழே இருந்த தேதியும் போய்விட்டது. அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து மாமா போன் செய்தார்.

"ஏதாவது மாட்டுச்சாம்மா?"

"இல்ல மாமா. இலையும் மாடும்தான்."

"ஒண்ணுமே இல்லையா? நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்துட்டேன் மாமா."

"சரி விடு. அடுத்த ட்ரிப்புல ஏறும்."

முடிவு வந்தபோது நாங்கள் மூன்றாவது, கிழக்கு ஓடை நாலாவது. ஒன்பது மதிப்பெண் வித்தியாசம். முதலில் வாழ்த்துச் சொன்னது மாமாதான். எங்கள் ஓடைக்கரையில் அரசாங்கப் பலகை வைத்து, நீர்நாய்ப் படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தார்கள். திறப்பன்று மாமா வலிக்கிற முழங்காலோடு நடந்து வந்தார். எல்லோரும் கலைந்த பிறகும் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். "குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார். பிறகு, "எனக்கும் இந்தப் படத்துல ஒண்ணு போட்டுக் குடேன். அத்தைக்கு இப்ப கண்ணு நல்லா தெரியுது, காட்டணும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "மானியம் வந்தும் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். என்னவென்று சொல்வது? ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அத்தைக்கென்று அச்சகத்தில் அந்தப் படத்தைத் திறந்தபோது, வெட்டிய படத்தைத் தேட என் கை போகவில்லை. முழுப் படத்தையும் அச்சடித்து, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து அத்தையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். நான் உறையை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஏய், இங்க பாரு! நம்ம ஏழாவது ஸ்டாப்புல ஏறியிருக்கு! குட்டியோட ஏறியிருக்கு!"

அத்தை கண்ணை மூடியபடியே, "என்ன ஏறிச்சு?" என்றாள். மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். குட்டிகளை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு அந்த விரல் ஏழுக்கு வந்து நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போர்டுல இருக்கறதும் இதேதானா?"

தலையை ஆட்டினேன். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சவும் அழவும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

"நான் ரெண்டு தடவ கேட்டேனேம்மா" என்றார்.

அன்று மாலையே மானிய அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இதைச் சொல்வது நல்ல பேர் வாங்க இல்லை. காலம் கடந்து எழுதிய கடிதம் அது. எங்கள் மானியத்தை நிறுத்தினார்கள். பலகையைப் பிடுங்கினார்கள். குழுவில் கேட்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கிழக்கு ஓடைக்காவது கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த முறை விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த முறைக்கு இரண்டு வருடம் இருக்கிறது. மாமாவுக்கு இப்போதே அறுபத்தொன்பது வயது.

எங்கள் முறையிலும் காமிராவைப் போய்த் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. குழுவில் வேறொருவர் பார்த்துக்கொண்டார். அதற்கடுத்து மாமாவின் முறை வந்தது, முடிந்தது. முதல் தேதி காலை ஏழு மணிக்கு என் வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவர்தான். காமிராவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"உங்க முறைம்மா. பேட்டரி மாத்தியிருக்கேன்" என்றார்.

"உக்காருங்க மாமா."

"இல்லம்மா, வேலை கெடக்கு."

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி இழுத்துப் போடப் பழகிய கை, அன்றும் போட்டது. காமிராவைத் திறந்தேன். பேட்டரிகள் புதிதாக இருந்தன. கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.