புளி போட்டுத் தேய்த்த தாலமி காசு

என் வீட்டுக்காரர் ஆதிநாராயணன் ஜமுனாமரத்தூரில் வயர்மேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அதற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கிரேக்கக் காசு. தங்கம், வெள்ளி என்றாலாவது கழுத்தில் கோத்துப் போட்டுக்கொள்ளலாம். இவருக்கு வெண்கலக் காசுதான் வேண்டும், அதுவும் பச்சைக் களிம்பேறியதாக. சென்னையில் ஒரு வியாபாரி அனுப்புவார். கூரியர்காரன் மலையேற மாட்டான், அடிவாரத்து ஆலங்காயத்தோடு சரி. இவர் லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்துப் போய், நகம் அளவு ஒன்றை வாங்கிக்கொண்டு பொழுது சாய வந்து நிற்பார். வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால் இந்த வேகம் வராது.

வந்ததும் கதை ஆரம்பமாகிவிடும். நான் சாமை புடைத்துக்கொண்டிருப்பேன். எந்த ராஜா, எந்தச் சண்டை என்று அவர் பாட்டுக்குப் பேசுவார். தலையெழுத்தே என்று ‘உம்’ கொட்டுவேன்.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் வேலூரில் நாணயக் கண்காட்சி, அதில் இவருக்கு ஒரு மேஜை. உள்ளங்கையை நிறைக்கும் தாலமி ராஜாவின் காசு ஒன்று வைத்திருந்தார். அதை நாலு பேருக்குக் காட்டிப் பேச வேண்டும், மனிதருக்கு வாழ்க்கையில் அந்த ஒரு ஆசைதான். புதுச் சட்டை தைத்தார். முந்தின நாள், நல்லபடியாக நடக்கட்டும் என்று காசைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பொங்கலுக்குக் கணியம்பாடியிலிருந்து என் நாத்தனார் சம்பூர்ணம் வந்திருந்தார். ஒரு இடத்தில் உட்காரும் ஜென்மம் இல்லை. நான் கடைக்குப் போய் வருவதற்குள் விளக்கு, மணி, தட்டு எல்லாவற்றையும் அள்ளிப்போய், புளியும் சாம்பலும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்திருந்தார். காசையும்தான். சாமிக்கு முன்னால் களிம்போடு எதையாவது வைப்பார்களா என்று எனக்கே புத்தி வேறு. காசு பளபளவென்று மின்னியது. அதில் முகமும் இல்லை, எழுத்தும் இல்லை.

சாயந்தரம் அவர் வந்தார். “பொன்னாட்டம் ஆக்கிட்டேன் பாரு தம்பி” என்று நீட்டினார் நாத்தனார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாக்குதுக்கா” என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் காசுப் பெட்டியை நகர்த்தினாலே குதிப்பவர், அக்கா என்றால் மட்டும் வாயே திறக்க மாட்டாரா?

“இன்னா அண்ணி இப்டி பண்ட்டீங்க?” என்று நான் பிடித்துக்கொண்டேன். “அலெக்சாண்டர் செத்தப்புறம் அவன் தளபதிங்க நாட்டைப் பங்கு போட்டாங்க, எகிப்து தாலமிக்குப் போச்சு. வெள்ளிக்காசு பட்டாளத்துக்கு, வெண்கலம் சந்தைக்கு. எவளோ ஒருத்தி கீரை வாங்கின காசு இது. ஒரு பக்கம் ஆட்டுக்கொம்பு வச்ச சாமி, இன்னொரு பக்கம் இடி மேல நிக்கிற கழுகு. எல்லாம் அந்தக் களிம்புலதான் இருந்துச்சு.”

எனக்கு மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர் காசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தினி வருஷமா நீ கேட்டுக்கினா இருந்தே?”

“கேக்காம எங்க போறது? வூடே ரெண்டு ரூம்புதானே.”

“போவட்டும் வுடு” என்றார். மறுநாள் மற்ற காசுகளை எடுத்துக்கொண்டு வேலூர் போனார். போன காசுக்காக அழுதவள் நான்தான்.