நெற்றியில் மாட்டிய பை

பட்டிப்பொல வாசலில் வனக் காவலர் எங்கள் பையைத் திறந்து பார்த்த நேரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஹோட்டன் சமவெளிக்குள் பொலித்தீன் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். அவர் பிஸ்கட் உறைகளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வெறும் பிஸ்கட்டுகளை என்னிடம் நீட்டினார். இரண்டு கையிலும் அத்தனையையும் வாங்க முடியாமல் நான் விழித்தேன். என் மனைவி முந்தானையை விரித்து, இதில் போடுங்கள் மாத்தயா என்று சிங்களத்தில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். அவள் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எங்களுக்குப் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து வரிசை வீடு. நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அவள் கலியாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவள். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்க்கிற இடத்தைப் பக்கத்தில் இருக்கிற நாம் பார்க்கவில்லையே என்று மகள் ஒரு வருடமாக நச்சரித்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு எட்டு. புறப்படும்போது மனைவி சாமி படத்துக்கு விளக்கேற்றி எங்கள் எல்லோருக்கும் திருநீறு பூசினாள். வேன்காரருக்கும் பூசினாள். அவர் எங்களை இறக்கிவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "ஒம்போது மணிக்குள்ள உலக முடிவுக்குப் போயிருங்க. பிந்துனா பனி மூடிரும். வெள்ளத் துணியப் பாத்துட்டு வந்த மாதிரிதான் இருக்கும்." உலக முடிவு என்பது சமவெளி முடிகிற மலை விளிம்பு; பனிக்கு முன் அதைப் பார்க்க அவசரமாக நடந்தோம். அவசரப்படுத்தியது நான்தான்.

கொஞ்ச தூரத்திலேயே மனைவி பின்தங்கினாள். மூச்சு வாங்கியது. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நாள் முழுவதும் செங்குத்தான மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிறவள், புல்வெளியில் வெறுங்கையோடு நடக்க முடியாமல் நிற்கிறாளே. "என்னா புள்ள, மாத்தயாவுக பொண்டாட்டி மாதிரி நிக்கிற?" என்று கேட்டேன். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. "தலையில கவுறு இருந்தாத்தாங்க எனக்குக் காலு போகும். சும்மா நடந்து பழக்கமில்ல" என்றாள். கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டித் தூக்குவதுதான் எங்கள் பெண்களின் வழக்கம்.

மகள் உடனே என் தோளில் இருந்த சாப்பாட்டுப் பையைப் பிடுங்கினாள். ரொட்டி, சம்பல், இரண்டு தண்ணீர்ப் போத்தல், எல்லாம் அதில்தான். அதன் வாரைத் தாயின் தலையில் மாட்டிவிட்டு, "இந்தாங்கம்மா, பெரட்டுக்கு நேரமாச்சு. நடங்க" என்றாள். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதிகிறதைத்தான் பெரட்டு என்போம். சின்னவன் கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்தான். "கொழுந்து பத்தாது. இன்னைக்கு அரை நாள் சம்பளந்தான்." அவள் சிரித்தாள். "போடா, ஒங்கப்பாகிட்டப் போய் வெரட்டு." சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்து கையைப் பின்னால் கொடுத்துப் பையைத் தாங்கிக்கொண்டாள். உண்மையாகவே வேகமாக நடந்தாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தபடி பின்னால் போனோம். பையை நான் திரும்ப வாங்கவில்லை.

ஓடை தாண்டியதும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க. பனி வந்துரும். நான் சோத்துக்குக் காவலு இருக்கேன்" என்றாள். போனோம். உலக முடிவில் மலை அப்படியே அறுந்து விழுகிறது. எங்கோ அடியில் லயத்துக் கூரைகள் தீப்பெட்டி போலத் தெரிந்தன. எனக்குக் கை தானாகக் குவிந்தது. மகளுடைய படிப்புக்கு வேண்டினேன். மகனுக்கு அடிக்கடி வருகிற சளிக்கு வேண்டினேன். மனைவிக்கென்று எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு என்ன குறை என்று நினைத்திருப்பேன். திரும்பி வந்தபோது அந்தக் குளிரிலும் அவள் முகம் வியர்த்திருந்தது. என்ன என்று கேட்டேன். "வெயிலுங்க" என்றாள். வெயிலே இல்லை. அதையும் கேட்டுக்கொண்டு ரொட்டியைப் பிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மத்தியானக் கொழுந்து நிறுக்கப் போகும் முன் மலையிலேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னிடம், இதற்கு முன் நடக்கும்போது மூச்சு வாங்கியதா என்று கேட்டார். "இல்லைங்க டொக்டர், தெனம் மலை ஏறுறவ" என்று ஆரம்பித்தபோதே ஓடைக் கல்லில் உட்கார்ந்திருந்தவள் கண் முன்னால் வந்தாள். இருதயம் நெடுநாளாகவே பலவீனமாக இருந்திருக்கிறது என்றார். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் முன்னால் நின்று, அன்று கவனிக்காமல் சிரித்த இந்த ஒன்றுக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தப் பாரம் என் ஒருவனுடையது என்றே நினைத்திருந்தேன்.

மகளுக்கு இப்போது பதினாறு. போன மாதம் பள்ளிக்கூடத்தில் அதே சமவெளிக்குச் சுற்றுலா என்று கடிதம் கொடுத்தார்களாம். அவள் அதை என்னிடம் காட்டவில்லை. டீச்சரைக் கடைத்தெருவில் கண்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"நான் போகலப்பா."

"ஏம்மா?"

"பைய மாட்டுனது நாந்தானே."

நான்கு வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். பிள்ளை மனதில் இது கிடந்தது எனக்குத் தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத அப்பவே கழட்டியிருக்க வேண்டியவன் நான். சிரிச்சுக்கிட்டு வந்தவனும் நான். ஒம்மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். டொக்டர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் அப்போதுதான் திரும்பினாள். "அன்னைக்கே அம்மாவுக்கு நோவு தெரிஞ்சிருக்குமாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாமி படம் நேரே இருந்தது. பொய் வரவில்லை. "தெரிஞ்சிருக்கும்னுதாம்மா நெனைக்கிறேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சொன்னா நம்ம திரும்பியிருப்போம். நீங்க பாக்காமப் போயிருவீங்களேன்னு இருந்துருப்பா."

அவள் மாவை உருட்டி மூடி வைத்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

"உலக முடிவுக்குப் போகமாட்டேன்ப்பா" என்றாள். "அம்மா ஒக்காந்துருந்தாங்கள்ல, அந்தக் கல்லு வரைக்குந்தான்."