குழி வெட்டிய கர்னல்

ஜெர்மனியில், கார்ஹிங் அணு ஆய்வகத்தில் என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று கேட்பவர்களிடம் நியூட்ரான் என்று சொல்லிவைப்பேன். உண்மையில் 1964இல் அங்கே சேர்ந்த முதல் ஆறேழு மாதம் நான் ஆராய்ந்தது, ஆய்வகச் சன்னலுக்குக் கீழே குழி வெட்டிய ஒரு துருக்கியரைத்தான்.

புதுக் கட்டடத்துக்குக் குழாய் பதிக்கத் துருக்கி ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் இருபது, முப்பது வயது. இவர் ஒருவருக்கு மட்டும் ஐம்பது இருக்கும். ஒருநாள் ஜெர்மன் மேஸ்திரி, கட்டட வரைபடத்தைப் பலகையில் விரித்துவைத்துத் திணறிக்கொண்டிருந்தார். இவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்து, வரைபடத்தின் வடக்கு நிஜமான வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினார். திரும்பிப் போய் மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து என் மண்டை குடைய ஆரம்பித்தது. படத்தைத் திசை பார்த்துத் திருப்பும் கூலியாள் யார்? என்னோடு வேலை பார்த்த சுவாமிநாதனிடம் சொன்னேன்.

"அடுத்த மாசம் ரிப்போர்ட் குடுக்கணும் ரகு. அந்த ஆள் வடக்க திருப்பினா உனக்கென்ன, தெக்க திருப்பினா உனக்கென்ன?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஊரார் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை. மாலையில் பஸ் நிறுத்தத்தில் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் அரைகுறை ஜெர்மனைக் கேட்டுவிட்டு அவர் சுத்தமான ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பெயர் காலிப் என்றார். ஆங்கிலம் எங்கே கற்றீர்கள் என்றேன். கொரியாவில் என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வாயைப் பிடுங்கினேன். முழுக் கதையும் கைக்கு வர ஒரு குளிர்காலம் ஆனது. சிவாஸ் என்ற மலையூரில் மண்ணெண்ணெய் விற்றவரின் மகன். பதின்மூன்று வயதில் ராணுவப் பள்ளி. உலகப் போர் நடந்த வருடங்களில் கிழக்கு எல்லையில், இடுப்பளவு பனியில், வராத எதிரிக்காகக் காத்திருந்திருக்கிறார். கொரியப் போருக்குப் போன துருக்கிப் படையில் மேஜர். அங்கே ஒரே வாரத்தில் தன் ஆட்களில் பாதிப் பேரைப் பறிகொடுத்தார். திரும்பி வந்து கர்னல் ஆனார். 1960இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஆயிரக்கணக்கான அதிகாரிகளைக் கட்டாய ஓய்வில் அனுப்பியது. அந்தப் பட்டியலில் இவர் பெயரும் இருந்தது. அப்போது நாற்பத்தாறு வயது. மனைவி ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்.

"ஊரில் டீக்கடைக்குப் போனால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நான் வெளியே போகும்வரை யாரும் பேச மாட்டார்கள். நாலு வருடம் தனியாக டீ குடித்தேன்" என்றார்.

அதனால்தான் ஜெர்மனிக்குக் கிளம்பியிருக்கிறார். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு, நண்பரின் ஆலிவ் தோப்பில் மூன்று மாதம் மண் கொத்திக் கையைக் காய்ப்பேற்றிக்கொண்டாராம். முன்பு செய்த தொழில் என்ற இடத்தில் 'படைவீரர்' என்று எழுதினார். பொய்யில்லைதான்.

கட்டட வேலைக்காரர்கள் தங்கியிருந்த மரக்கொட்டகையில் ஒரு வழக்கம். துருக்கியில் ஆண்கள் எல்லாரும் கட்டாயமாகக் கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். அங்கே யாருக்கு என்ன பதவியோ, அதே வரிசைதான் கொட்டகையிலும். ஷாபான் என்பவர் சார்ஜென்ட்டாக இருந்தவர், அதனால் அவர்தான் தலைவர். யார் பெருக்குவது, யார் டீ போடுவது என்று அவர் முறை வைப்பார். அவர்கள் கணக்கில் காலிப் வயதான சிப்பாய், பதவியே இல்லாதவர். அவரை எல்லாரும் மாமா என்று கூப்பிட்டார்கள். டீயில் சர்க்கரை குறைந்தால் திட்டினார்கள். வீட்டுக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எவர் முகத்திலும் பார்த்ததில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நான் மறுபடி தனி ஆள்" என்றார். சத்தியம் செய்துகொடுத்தேன். நான் ஊர்க்கதை கேட்பவன், பரப்புபவன் இல்லை.

ஏப்ரலில் பக்ரீத் வந்தது. அடுத்த ஞாயிறு மதியம் விருந்துக்கு என்னைக் கொட்டகைக்கு அழைத்திருந்தார்கள். ஷாபான் என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, உள்ளே பார்த்து, டீ எங்கே மாமா என்று குரல் கொடுத்தார். காலிப் தட்டில் பத்துக் கண்ணாடிக் கோப்பைகளோடு வந்தார்.

ஒரு கர்னல் எனக்கு டீ கொண்டுவருகிறார். கல்லூரியில் மூன்று வருடம் என்சிசியில் காலைத் தட்டி நின்றவன் நான். எங்கள் பயிற்சி அதிகாரி வெறும் கேப்டன். அவரைக் கண்டாலே விறைத்து நிற்பேன். அதோடு பெரியவர் வந்தால் எழுந்திருக்காவிட்டால் அப்பாவிடம் அடி விழும் வீட்டில் வளர்ந்தவன். யோசிப்பதற்கு முன்பே உடம்பு எழுந்துவிட்டது. குதிகால்கள் ஒட்டின. கை நெற்றிக்குப் போய்விட்டது.

அப்போதும் காரியம் கெட்டுப்போகவில்லை. வேடிக்கை என்று அவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் காலிப்பும் யோசிக்கவில்லை. தொப்பி இல்லாத துருக்கி அதிகாரி கையால் சல்யூட் வைக்க மாட்டார். முதுகு விறைக்க, தாடையைச் சற்றே இறக்கித் தலையால் ஏற்றுக்கொள்வார். அவர் தட்டோடு நின்றபடி அதைச் செய்தார். எந்தச் சிப்பாய்க்கும் அப்படித் தலையசைக்க வராது.

ஷாபானின் சிரிப்பு நின்றது. அவர் துருக்கி மொழியில் ஏதோ கேட்டார். காலிப் ஒரே சொல்லில் பதில் சொன்னார். கட்டில்கள் கிறீச்சிட எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஷாபான் ஓடிவந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

எனக்கு அந்தத் தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. காலிப் என்னைத் திட்டவில்லை. அவர்களிடம் பொறுமையாகப் பேசினார். குரல் உயராமலே கட்டளைபோலக் கேட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள், முதுகு நிமிர்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு. ஷாபான் மட்டும் நின்றபடியே ஏதோ சொன்னார்.

என்ன சொன்னீர்கள் என்று காலிப்பிடம் மெல்லக் கேட்டேன். அந்த நேரத்திலும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உட்காருங்கள், எப்போதும்போல மாமா என்றே கூப்பிடுங்கள் என்றேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'உத்தரவு, தளபதி.'"