பாரீஸ் போன்

முத்தியால்பேட்டை ஜோசப் ஆனந்துக்குப் பீற்றிக்கொள்வதுதான் பிழைப்பு. இரண்டாயிரத்துப் பதினொன்றில் லினெட்டைப் பெண் பார்க்கப் போனவன், காபி வருமுன்பே போனை எடுத்து நீட்டினான்.

"பாரீஸ்லேர்ந்து மாமா அனுப்பினது. ரெண்டு விரல வச்சி விரிச்சா படம் பெருசாவும்."

லினெட் வாங்கி விரித்துப் பார்த்தாள். படம் அசையவில்லை. நகத்தால் அழுத்தினாள், உடனே அடுத்த படம் வந்தது.

"இது அழுத்தினாதான் கேக்கற பழைய தினுசு. ரெண்டு விரல்லாம் இதுக்குத் தெரியாது. நெசமாவே பாரீஸா?"

ஆனந்தின் அம்மா வெள்ளந்தியாகச் சொன்னாள்: "சண்டே மார்க்கெட்ல பழசா வாங்கினதும்மா. நானும் கூடப் போயிருந்தேன்."

"போன் பழசா இருந்தா பரவால்ல, ஆன்ட்டி. பொய்யோட குடும்பம் நடத்த முடியாது," என்று லினெட் எழுந்துகொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு விரலில் பலமில்லை என்று ஆனந்த் இன்றும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.